பழைய லாரிக்கு மாற்று செல்ஃப் மோட்டார்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

வாசகர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அவரே ஓட்டி, அவரே பராமரிக்கும் லாரி அது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். எஞ்சினோடு வந்த 4 கிலோவாட் ஸ்டார்ட்டர் (செல்ஃப்) மோட்டார்தான் இன்னமும் இருக்கிறது. பதினான்கு மாதத்தில் அதை இரண்டு முறை கழற்றிப் பழுது பார்த்தாயிற்று. முதல் முறை கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினார்கள். இரண்டாம் முறை ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) எரிந்து, புதிதாகக் காயில் கட்டினார்கள். இப்போது மறுபடியும் தகராறு. காலையில் முனகி முனகிச் சுற்றுகிறது. நெடுந்தூரம் ஓடி நின்றபின், சூட்டோடு சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. சுத்தியலால் மோட்டார் உடம்பில் தட்டினால் சில நேரம் எடுக்கிறது.

அவர் முன்னால் மூன்று யோசனைகள் இருக்கின்றன. கழித்துக்கட்டிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய அதே வகை மோட்டார். நண்பர் சிபாரிசு செய்யும் 5.5 கிலோவாட் ரிடக்‌ஷன் மோட்டார் ("துளை ஒன்றுதான், அப்படியே உட்காரும்"). இருப்பதையே மறுபடியும் காயில் கட்டுவது. மோட்டார் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்த்ததாகவும், 25.2 வோல்ட் காட்டியதால் வயரிங்கில் குறையில்லை என்று முடிவு செய்ததாகவும் எழுதுகிறார். "சரிவான இடம் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறேன். எதை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும்?" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

எதை வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன், பதினான்கு மாதத்தில் மூன்று பழுது என்ற உங்கள் வரியிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. லாரி ஸ்டார்ட்டர் பல வருடம் உழைக்கும் பண்டம். உங்களுடையதே முப்பது வருடத்தில் பெரும்பகுதியை ஒழுங்காக ஓட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட மோட்டார் திடீரென்று அடுத்தடுத்துப் படுக்கிறது என்றால், அதற்கு வெளியே ஏதோ ஒன்று அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எந்த மோட்டாரை மாட்டினாலும், அதுவும் இதே வழியில்தான் போகும். ஆகவே முதலில் வண்டி, பிறகு மோட்டார்.

25.2 வோல்ட்டை நம்ப வேண்டாம்

நீங்கள் மீட்டர் வைத்தது சரியான இடம்தான், நேரம்தான் தவறு. மோட்டார் சுற்றாதபோது மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமில்லாத அளவு. பேட்டரி கேபிளில் ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 25.2 என்றுதான் காட்டும். உங்கள் ஸ்டார்ட்டரோ எஞ்சினைச் சுற்றும்போது சில நூறு ஆம்பியர் இழுக்கும். 400 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கோ 0.005 ஓம் தடை கூடியிருந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 2 வோல்ட்டை 400 ஆம்பியரால் பெருக்கினால் 800 வாட். அவ்வளவும் அந்த ஒரு மூட்டில் சூடாக மாறுகிறது. அதனால்தான் ஐந்து நொடி செல்ஃப் அடித்த உடனே ஒவ்வொரு லக்கையும் (கேபிள் நுனியில் உள்ள உலோகத் துண்டு) கிளாம்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறோம். மற்றவை ஆறியிருக்க ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், அதுதான் கோளாறான இடம்.

மீட்டரோடு செய்ய வேண்டிய சோதனை இது. கியர் நியூட்ரலில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து எஞ்சின் பிடிக்காமல் செய்துகொள்ளுங்கள். கேபினில் ஒருவர் நான்கைந்து நொடி செல்ஃப் அடிக்கட்டும். அந்த நேரத்துக்குள் நீங்கள் படிக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள்.

முதலில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக. சுற்றும்போது ஒவ்வொன்றும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஒன்று 11-இல் நிற்க, மற்றது 8-க்குப் போனால், அந்த ஒன்று தளர்ந்துவிட்டது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே, ஒரே திறனில் மாற்றுங்கள். பழையதும் புதியதும் தொடரில் இருந்தால் ஒன்று குறைவாகவும் மற்றது மிகையாகவும் சார்ஜ் ஆகும். டேப் ரெக்கார்டருக்கோ ஃபோன் சார்ஜருக்கோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தாலும் இதே கதிதான். அதைப் பிரித்து, தனிக் கன்வெர்ட்டர் வையுங்கள்.

அடுத்து, மீட்டரின் ஒரு முனை பேட்டரி ப்ளஸ்ஸின் ஈயத் தூணில் (கிளாம்பில் அல்ல, தூணில்), மறு முனை ஸ்டார்ட்டரின் 30 என்று குறித்த பெரிய போல்ட்டில். சுற்றும்போது காட்டும் எண் நேரடியாக வழியில் தொலையும் வோல்ட். இது 0.5-க்குள் இருக்க வேண்டும். பிறகு மோட்டார் உடம்புக்கும் பேட்டரி மைனஸ் தூணுக்கும் இடையே, அதுவும் 0.5-க்குள். இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் குட்டைக் கேபிளைப் பலரும் மறந்துவிடுவார்கள். அதன் இரு முனையிலும் உள்ள தூண்களுக்கு இடையே 0.2-க்கு மேல் காட்டினால், அந்தக் கேபிளையும் மாற்றுங்கள்.

பழைய லாரிகளில் கோளாறு பெரும்பாலும் இருப்பது எர்த் பக்கம். பேட்டரி மைனஸ் சேசிஸில் பிடித்திருக்கும். எஞ்சினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவே ஒரு பின்னல் பட்டைதான் பாலம். அது எண்ணெயில் ஊறி, பாதி இழை அறுந்து, துருவின் மேல் பெயின்ட் அடித்த போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அதன் இரு முனைக்கு இடையேயும் அளந்துவிடுங்கள். கேபிள் மாற்ற நேர்ந்தால் 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளுக்குக் குறைய வேண்டாம். இரண்டு மீட்டர் நீளத்தில் 400 ஆம்பியருக்கு அது 0.2 வோல்ட்தான் இழக்கும். பாதிப் பருமனான 35-இல் அந்த இழப்பு இரட்டிக்கும். லக்கைச் சுத்தியால் நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்ப் கருவியில் அழுத்தி, சூடாக்கினால் சுருங்கும் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். திறந்த முனையில் ஈரம் ஏறி, உறைக்குள்ளேயே செம்பு பச்சை பூத்துவிடும். வெளியே பார்த்தால் கேபிள் புதிது போலவே இருக்கும்.

வோல்ட் குறைந்தால் மோட்டார் குறைவாகத்தானே உழைக்கும், ஏன் எரிய வேண்டும் என்று கேட்கலாம். எஞ்சினை அசைக்கத் தேவையான முறுக்கு விசை மாறுவதில்லை. அந்த விசைக்கு வேண்டிய கரண்டும் குறைவதில்லை. குறைவது சுற்றும் வேகம். வேகம் குறைந்தால் டீசல் பற்றுவதற்கான சூடு சிலிண்டரில் சேராது. எஞ்சின் பிடிக்கவில்லை என்று நாம் இன்னும் பத்து நொடி அடிப்போம். மூன்று நொடியில் முடிய வேண்டிய வேலை முப்பது நொடிக்கு நீளும்போது, ஆர்மேச்சர் கம்பியைக் கம்யூட்டேட்டரோடு (பிரஷ் உரசும் செம்பு வளையம்) பிடித்திருக்கும் ஈயப்பற்று உருகிச் சுழற்சியில் சிதறுகிறது. இரண்டாம் முறை உங்கள் மோட்டாரைத் திறந்தபோது உட்சுவரில் ஈயத் துளிகள் தெறித்திருந்தனவா என்று பழுது பார்த்தவரிடம் கேளுங்கள். 'ஆமாம்' என்றால் நான் மேலே சொன்னதுதான் காரணம்.

சூட்டில் வரும் 'டக்' சத்தத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். எஞ்சின் பக்கத்தில் சோலினாய்டு (மோட்டாரை எஞ்சினோடு கோத்து, கரண்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் காயில் தடை ஏறக்குறைய 31 சதவீதம் உயர்கிறது. கரண்ட் கால் பங்கு குறையும், இழுவிசை அதைவிட அதிகமாகக் குறையும். பினியன் (மோட்டார் முனையில் உள்ள சிறு பல்சக்கரம்) ரிங் கியரில் (எஞ்சின் ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையம்) போய் மோதிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் செம்புத் தட்டு இரண்டு பெரிய போல்ட்டுகளையும் இறுக அழுத்தாது. சிறிய 50 டெர்மினலுக்கு வரும் வோல்ட்டையும் செல்ஃப் அடிக்கும்போது அளந்து பாருங்கள். பேட்டரியில் அந்த நேரத்தில் இருப்பதைவிட 2 வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால், சாவி சுவிட்ச்சின் முனைகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். சுவிட்ச்சுக்கும் சோலினாய்டுக்கும் நடுவே ஒரு கனமான 24 வோல்ட் ரிலே வைத்துவிட்டால், சாவிக்கு வேலை குறையும், சோலினாய்டுக்கு முழு வோல்ட் கிடைக்கும்.

'டக்' என்று மட்டும் கேட்கும் அந்த வேளையிலேயே இன்னொன்றைக் கவனியுங்கள். ஹெட்லைட் எரியட்டும். சாவி திருப்பும்போது வெளிச்சம் அசையாமல் நின்றால், கரண்ட் மோட்டாருக்குள் போகவில்லை: சோலினாய்டு முனை எரிந்திருக்கிறது அல்லது பிரஷ் தொடவில்லை. வெளிச்சம் படுத்துவிட்டால், கரண்ட் போகிறது, சுற்ற முடியவில்லை: பேட்டரி, கேபிள் தகராறு, அல்லது புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் காந்தக் கட்டைகளில் உரசுகிறது. சுத்தியல் தட்டில் எடுக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையதில் பிரஷ்ஷோ சோலினாய்டு தட்டோ முடியும் நிலையில் இருக்கிறது. தட்டுவது வைத்தியம் ஆகாது. நிலைக்காந்தம் வைத்த ரிடக்‌ஷன் மோட்டார்களில் அந்தத் தட்டு காந்தத்தையே விரிசல் விடச் செய்யும். அந்தப் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

5.5 கிலோவாட் கூடுதல் பலமா?

உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் தகட்டில் உள்ள கிலோவாட், குறிப்பிட்ட திறனுள்ள பேட்டரியோடும் குறைந்த தடையுள்ள கேபிளோடும் சோதித்துக் கிடைத்த எண். அந்தப் பலம் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். பெரிய மோட்டார் பெரிய கரண்ட் கேட்கும். மேலே சொன்ன 0.005 ஓம் கேபிளில் 600 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் போய்விடும். தடை இருக்கும் வண்டியில் மோட்டாரைப் பெரிதாக்கினால் இழப்பும் கூடுகிறது, முப்பது வருட ரிங் கியரில் விழும் அடியும் கூடுகிறது.

உங்களுக்குக் கூடுதல் பலம் தேவையா என்பதை நீங்களே பார்க்கலாம். கிராங்க் புல்லியில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஃபோனில் மெதுவோட்ட வீடியோ எடுத்து, செல்ஃப் அடித்த பத்து நொடியில் (வீடியோ ஓடும் நேரத்தில் அல்ல) கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஆறால் பெருக்குங்கள். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 120. டீசல் எஞ்சின்கள் பிடிக்கப் பொதுவாக நிமிடத்துக்கு 100 முதல் 200 சுற்று வரை வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு உரிய எண் அதன் கையேட்டில் இருக்கும். அந்த வேகத்தில் சுற்றியும் பத்து நொடியில் பிடிக்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரை விடுங்கள். ஏர் லாக், நாசில், கம்ப்ரஷன், ஹீட்டர் என்று தேட வேண்டிய இடம் வேறு. இதைப் பார்க்காமலே நல்ல மோட்டார்கள் நிறையக் கழற்றப்படுகின்றன.

ரிடக்‌ஷன் வகை என்பதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் பழைய மோட்டாரில் ஆர்மேச்சர் தண்டே பினியனைச் சுற்றுகிறது. ரிடக்‌ஷனில் நடுவே பல்சக்கரம் இருக்கிறது. மோட்டார் வேகமாகச் சுழன்று, பினியன் அதில் மூன்றில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வேகத்தில் அதிக விசையோடு திரும்பும். அதே விசைக்குக் கரண்ட் குறைவு, எடை குறைவு, உடம்பும் சிறிது. சத்தம் மட்டும் வேறு மாதிரி, மெல்லிய கீச்சுக் குரலில் இருக்கும். மாட்டிய முதல் நாள் அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

துளை பொருந்தினால் போதாது

'அப்படியே உட்காரும்' என்பதுதான் கடிதத்திலேயே ஆபத்தான சொல். ஃபிளாஞ்ச் (மோட்டாரை எஞ்சினோடு பிடிக்கும் முகத் தகடு) துளை பொருந்தி, போல்ட்டும் இறுகி, ஒரே மாதத்தில் ரிங் கியரைத் தின்றுவிடும் மோட்டார்கள் உண்டு. பழைய மோட்டாரை மேசையில் வைத்து, வெர்னியரை எடுத்து இவற்றைத் தாளில் குறியுங்கள்.

*சுற்றும் திசை.* பினியன் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பினியனைக் கையால் திருப்பினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். உடம்பில் அம்புக்குறி இருந்தால் அதையும் பாருங்கள். எதிர்த்திசை மோட்டார் எஞ்சினைப் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும்.

*பல்லின் அளவு.* பினியனின் பல் எண்ணிக்கை மட்டும் போதாது, பல்லின் பருமனும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ரிங் கியரை அளப்பதே நம்பகமான வழி: வெளி விட்டத்தை, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டிய எண்ணால் வகுத்தால் மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் எண்) கிடைக்கும். 129 பல், 393 மில்லிமீட்டர் என்றால் 393-ஐ 131-ஆல் வகுக்க, மாட்யூல் 3. பினியனில் இந்தக் கணக்கு ஒத்துவராது. பல் வலுவுக்காக அதன் வெளி விட்டத்தைக் கூட்டியே வெட்டியிருப்பார்கள். அங்குல முறையில் 8 பிட்ச் என்று ஒரு அளவு உண்டு. மாட்யூலுக்கு மாற்றினால் அது 3.175. மாட்யூல் 3 பினியனையும் 8 பிட்ச் பினியனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். மாட்டினால் சுற்றவும் செய்யும். ஆனால் பல் முகத்தோடு முகம் சேராமல் விளிம்பில் உரசி, தூளாக உதிரும். பழைய வண்டிகளில் இந்தத் தவறு நடப்பதற்குக் காரணமே, பார்வைக்கு அவ்வளவு ஒன்றாக இருப்பதுதான்.

*பினியன் ஓய்வில் நிற்கும் இடம்.* ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து பினியன் முன்விளிம்பு வரை அளக்கவும். ஃபிளைவீல் ஹவுசிங் முகத்திலிருந்து ரிங் கியரின் அருகு முகம் வரை அளக்கவும். முதலாவது 18, இரண்டாவது 22 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி 4. பொதுவாக 2 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் எஞ்சின் ஓடும்போது பினியன் உரசும். கூடினால் பல் முழு அகலத்துக்குக் கோக்காமல் நுனியில் மட்டும் பிடித்து நொறுங்கும்.

*மைய வளையம்.* ஃபிளாஞ்சிலிருந்து சற்று நீட்டியிருக்கும் வட்ட விளிம்புதான் பினியனுக்கும் ரிங் கியருக்கும் உள்ள தூரத்தைத் தீர்மானிக்கிறது. போல்ட்டுகள் பிடித்து மட்டுமே வைக்கின்றன. இதன் விட்டம் குறைவாக இருந்து மோட்டார் ஆடி உட்கார்ந்தால், தகடு சுற்றி ஒப்பேற்றாதீர்கள், அந்த மோட்டாரை மறுத்துவிடுங்கள்.

*மூக்கு.* சில மோட்டார்களில் தண்டின் முன்முனைக்கான புஷ் மோட்டாரின் மூக்கிலேயே இருக்கும். சிலவற்றில் அந்தப் புஷ் கிளட்ச் ஹவுசிங்கில் இருக்கும், மோட்டாரில் மூக்கே இருக்காது. உங்களுடையது எது என்று பாருங்கள். ஹவுசிங் வகை என்றால், எந்த மோட்டாரை மாட்டினாலும் அந்தப் புஷ்ஷைப் புதிதாகப் போட வேண்டும்.

*மின் பக்கம்.* 24 வோல்ட், 4 கிலோவாட், டெர்மினல் இடம், போல்ட் தடிமன். உங்கள் மோட்டாரில் பெரிய எர்த் போல்ட் தனியாக இருந்து, உடம்புக்கும் அதற்கும் மின் தொடர்பே இல்லை என்றால் அது இன்சுலேட்டட் ரிட்டர்ன் வகை. எண்ணெய் டேங்கர் போன்ற சில வண்டிகளில் அப்படி இருக்கும். அதற்கு உடம்பு-எர்த் மோட்டார் ஆகாது.

இவற்றோடு ரிங் கியரையும் பார்த்தே ஆக வேண்டும். ஆறு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது கம்ப்ரஷன் தள்ளுவதால் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் நிற்கும். ஆகவே பினியன் எப்போதும் அந்த மூன்று இடப் பற்களையே மோதுகிறது. மோட்டாரைக் கழற்றிய துளை வழியாக டார்ச் அடித்து, எஞ்சினைப் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எல்லாப் பற்களையும் பாருங்கள். ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வதில் பயனில்லை. மூன்று இடங்களில் பல் முனை மழுங்கியிருந்தால் கியர்பாக்ஸை இறக்கும் அடுத்த வேலையோடு ரிங் கியரையும் மாற்றத் திட்டமிடுங்கள். புரட்டிப் போடலாம் என்பார்கள். ஆனால் பினியன் எளிதில் நுழைவதற்காக ஒரு பக்கம் மட்டும் சரிவு வெட்டியிருக்கும். புரட்டினால் அந்தச் சரிவு மறுபக்கம் போய்விடும், திரும்ப வெட்டித்தான் போட வேண்டும்.

மூன்றில் எது?

மறுபடி காயில் கட்டுவதை நான் சிபாரிசு செய்யவில்லை. நல்ல ஆர்மேச்சரை நல்ல கை கட்டினால் உழைக்கும். உங்களுடையது ஒருமுறை எரிந்து கட்டப்பட்டது. எரிந்தபோது அடுக்குத் தகடுகளின் காப்பும் கம்யூட்டேட்டரின் பிடிப்பும் எந்த அளவு கெட்டன என்று வெளியிலிருந்து தெரியாது. கட்டியபின் சமநிலை பார்த்தார்களா, இறுக்குப் பட்டை போட்டார்களா என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை.

கழித்த வண்டி மோட்டாருக்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு. அதன் மூக்கு ஹவுசிங்கும் ஃபிளாஞ்சும் உங்கள் எஞ்சினுக்கு அச்சாகப் பொருந்தும். புது மோட்டார் கிடைக்காத எஞ்சினாக இருந்தால், அதை வாங்கி, பிரஷ், புஷ், சோலினாய்டு, பெண்டிக்ஸ் (பினியனும் அதன் கிளட்ச்சும் சேர்ந்த பாகம்) எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு மாட்டலாம். அப்படியே மாட்டினால், அதுவும் இன்னொருவர் வண்டியில் உயிரை விட்ட மோட்டாராக இருக்கலாம்.

உங்களுக்கு ஏற்றது, பழைய மோட்டாரின் அளவுகள் அத்தனையும் பொருந்துகிற புது ரிடக்‌ஷன் மோட்டார், 4 முதல் 4.5 கிலோவாட்டுக்குள். எஞ்சின் தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் எஞ்சின் எண்ணுக்கு 5.5-உம் குறிப்பிட்டிருந்து, அதற்குரிய பெரிய பேட்டரியும் நீங்கள் வைப்பதாக இருந்தால் அதையும் வாங்கலாம். வாங்குமுன் உடம்பின் நீள அகலத்தை எக்ஸாஸ்ட், சேசிஸ், ஆயில் குழாய் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். பல ரிடக்‌ஷன் மோட்டார்களில் மூக்கைத் தளர்த்தி, உடம்பை வேறு கோணத்துக்குத் திருப்பி இறுக்க முடியும். எக்ஸாஸ்ட் ஒரு சாண் தூரத்துக்குள் வந்தால் நடுவே தகட்டு மறைப்பு வையுங்கள். சூட்டில் 'டக்' வருகிற வண்டிக்கு அது அவசியம்.

சில பழைய வண்டிகளில் பேட்டரிப் பெட்டி அருகே தனியாக ஒரு பெரிய சோலினாய்டு இருக்கும். உங்களுடையதும் அப்படியென்றால், புது மோட்டாரில் 30-ஐயும் 50-ஐயும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுங்கள், வேலை முடிந்தது என்று யாராவது சொல்லக்கூடும். நிலைக்காந்த மோட்டாரில் அதைச் செய்யாதீர்கள். சாவியை விட்டபின்னும் சுழலும் மோட்டார் ஜெனரேட்டர் போல மின்சாரம் உண்டாக்கி, அந்தத் துண்டு வயர் வழியாகத் தன் சோலினாய்டையே பிடித்துவைத்துக்கொள்ளும். எஞ்சின் பிடித்த பிறகும் பினியன் சில நொடி விலகாமல் அலறும். 50-க்குச் சாவியிலிருந்து வரும் தனி வயர்தான் போக வேண்டும்.

கடையில்

வோல்ட், கிலோவாட், பல் எண்ணிக்கை, திசை நான்கையும் பில்லில் எழுதி வாங்குங்கள். 'இன்ன வண்டி மோட்டார்' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து, பொருந்தாத பொருளைத் திருப்புவது கடினம். புதுப்பித்த மோட்டார் என்றால் எந்தெந்தப் பாகம் புதிது என்று எழுத்தில் கேளுங்கள். பெயின்ட் புதிதாக இருப்பது கணக்கில் வராது. கண் முன்னால் சுமையின்றி ஓட்டிக் காட்டி, கிளாம்ப் மீட்டரில் கரண்ட்டைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். பழையதைக் கொடுத்தால் கழிவு உண்டு என்பார்கள். புதியது மாட்டி ஒரு வாரம் ஓடும்வரை பழையதைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். அளவில் சந்தேகம் வந்தால் ஒப்பிட வேறு சாட்சி இருக்காது. அதற்கு எத்தனை நாள் அவகாசம் என்பதையும் முன்னமே பேசிக்கொள்ளுங்கள்.

வாரன்ட்டியில் ஒரு நுணுக்கம். ஈயப்பற்று சிதறியிருந்தாலோ பினியன் நீலம் பாய்ந்திருந்தாலோ, 'அளவுக்கு மீறி அடித்தது' என்று கோரிக்கையைத் தள்ளிவிடலாம். கேபிள் சோதனையில் எடுத்த எண்களைத் தேதியோடு எழுதி, மீட்டரின் படத்தோடு வைத்திருந்தால் அப்போது நீங்கள் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள்.

மாட்டும்போது

பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். ஸ்டார்ட்டரின் தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் உண்டு, சாவி அணைத்திருந்தாலும். பழைய நேரடி வகை மோட்டார் கனமானது. படுத்துக்கொண்டு கடைசி போல்ட்டை எடுக்கும்போது ஜாக் அல்லது இரண்டாவது ஆள் தாங்கட்டும். ஃபிளாஞ்ச் முகத்திலும் ஹவுசிங் முகத்திலும் பெயின்ட், துரு, பழைய பேக்கிங் எதுவும் இல்லாமல் பளபளக்கத் தேய்த்துவிடுங்கள். இன்சுலேட்டட் வகை அல்லாத மோட்டாருக்கு அந்த உலோகத் தொடுகையே எர்த்.

30 போல்ட்டின் வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இறுக்கினால் செம்புப் போல்ட் சோலினாய்டு மூடியோடு சேர்ந்து திரும்பி, உள்ளே இருக்கும் காயில் முனையை அறுத்துவிடும். புது மோட்டார் மேசையிலிருந்து வண்டிக்குப் போகும் வழியில் கெடுவது பெரும்பாலும் இந்த நட்டில்தான்.

பினியன் பற்களில் மார்க்கிங் நீலத்தை மெல்லிதாகத் தடவி மாட்டி, எரிபொருளை நிறுத்தி ஒருமுறை மட்டும் இரண்டு நொடி சுற்றி, கழற்றிப் பாருங்கள். பல் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது நீலம் அழிந்திருக்க வேண்டும். இரண்டு முறை மாட்டுவது சலிப்பான வேலைதான், ஆனாலும் ரிங் கியர் மாற்றும் வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

அதன்பின் மாறாத வழக்கமாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே தடவையில் 10 நொடிக்கு மேல் அடிப்பதில்லை, நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு, எஞ்சின் முழுதாக நிற்கும் முன் மறுபடி சாவி திருப்புவதில்லை. சாவியை விட்டபின்னும் செல்ஃப் நிற்காமல் சுற்றினால் சோலினாய்டு முனை ஒட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது சாவியோடு போராடாமல் பேட்டரியைத் துண்டிக்க வேண்டும். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நல்ல கட்-ஆஃப் சுவிட்ச் இருப்பது அதற்குத்தான்.

ஒரு மாதம் கழித்து, எல்லா லக்குகளையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, அதே இடங்களில் மீட்டர் வைத்து வோல்ட் இழப்பை மறுபடி எடுங்கள். ப்ளஸ், எர்த் இரண்டும் சேர்ந்து 1 வோல்ட்டுக்குள் நின்றால் சரிவு தேட வேண்டாம். வண்டியைச் சமதளத்திலேயே நிறுத்துங்கள்.